துண்டு இல்லாமல் மாடு போகாது

போன வாரம் மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கினேன். கைப்பேசியில் பணம் அனுப்பியதும் மேசைமேல் இருந்த சின்னப் பெட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி தொகையைச் சொன்னது. பின்னால் நின்றவர், "என்ன சார், மாத்திரைக்கே இம்புட்டு ஆகுதா? எத்தனை வருசமா சர்க்கரை?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைக்காரருக்குப் பணம் சேர வேண்டும், அரசாங்கத்துக்கு வரி சேர வேண்டும், இரண்டும் நியாயம். நான் என்ன விலைக்கு மாத்திரை வாங்கினேன் என்று தெருவுக்கு எதற்கு?

வீட்டுக்கு வரும் வழியில் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. அந்தப் பெட்டி செய்கிற வேலையை ஒரு காலத்தில் நானே செய்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெருமையாகச் செய்தேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. வேறொருத்தி கொடுத்தாள்.

எழுபதுகளின் நடுவில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சியில் பில் கலெக்டராக இருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டு வரி, தொழில் வரி, குழாய் வரி என்று நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக அலைவதுதான் வேலை. வாரத்தில் ஒருநாள் மட்டும் அலைச்சல் இல்லை. அன்றைக்கு மாட்டுச் சந்தை. வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ரசீதுப் புத்தகம், நான்.

வழக்கமாகச் சந்தையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆண்டு ஏலத்துக்கு வந்தவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, மாட்டுச் சந்தையையே அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அதனால் பேரூராட்சியே நேரடியாக வசூலிப்பது என்று முடிவாயிற்று. விற்று வெளியே போகிற மாடு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். கொழுத்த காளைக்கும் அதே காசு, எலும்பெடுத்த கிழட்டுப் பசுவுக்கும் அதே காசு. யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள், என்ன விலை என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் சந்தையில் விலை பேசுவது வாயால் இல்லை, விரலால். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேல் போடுவார். வாங்குகிறவர் தன் கையைத் துண்டுக்கு அடியில் நுழைப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. நூறா, பத்தா என்பதை மட்டும் வாயால் சொல்வார்கள். பிறகு விற்கிறவரிடம் போய் அதே துண்டு, அதே விரல்கள். சுற்றி ஐம்பது பேர் நின்று வாயைப் பிளந்து பார்த்தாலும் ஒரு பைசா கணக்கு வெளியே தெரியாது. படிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். படியாவிட்டாலும் அப்படித்தான் உதறுவார்கள். அந்த உதறலில் இருந்துகூட ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அப்போது புதிதாக ஒரு நிர்வாக அதிகாரி மாற்றலாகி வந்தார். இ.ஓ. என்றுதான் சொல்வோம். கீழத்தஞ்சைப் பக்கத்துக்காரர். நேர்மையானவர். அலுவலகத்தில் டீ குடித்தால்கூடச் சொந்தக் காசில் குடிப்பார், எங்களையும் அப்படியே குடிக்க வைப்பார். முதல் வாரம் சந்தையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், துண்டுக்கு அடியில் கைகள் அசைவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார்.

"என்னய்யா இது, பட்டப்பகல்ல சூதாட்டம் மாதிரி? மறைச்சுப் பண்றான்னா உள்ளே திருட்டு இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"அது வழக்கம் சார். வெலை பேசுறாக."

"விலை பேசறதை ஏன் மறைக்கணும்?"

பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கத்துக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது?

அவர் அலுவலகத்துக்குப் போய் யோசித்து ஒரு திட்டம் போட்டார். இனிமேல் கட்டணம் விலையைப் பொறுத்தது, நூறு ரூபாய்க்கு இவ்வளவு. அதில் நியாயம் இருந்தது. இல்லாதவன் குறைவாகவும் இருப்பவன் கூடவும் கட்டட்டுமே என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் அதற்கு விலை தெரிய வேண்டும். ஆகவே விற்றவர் பெயர், ஊர், வாங்கியவர் பெயர், விலை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பொய் விலை சொன்னால்? அதற்கும் வழி வைத்திருந்தார். விலையை மைக்கில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். ஊரறியச் சொன்னால் பொய் நிற்காது என்று அவர் நம்பினார்.

இதை நடைமுறைப்படுத்தச் சந்தை வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தார். அவர் ஊரில் ரசீதைத் துண்டு என்றுதான் சொல்வார்களாம். துண்டுச் சீட்டின் சுருக்கம். அந்தப் பழக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டார்: "துண்டு இல்லாமல் எந்த மாடும் சந்தையை விட்டு வெளியே போகக் கூடாது."

அடுத்த வாரம் சந்தைக்குப் போன எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தரகர்கள் எல்லாரும் புதுத் துண்டு போட்டு வந்திருந்தார்கள். விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் தோளிலும் துண்டு. ஒருவர் மாட்டின் கழுத்திலேயே ஒன்றைக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தைக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடையில் துண்டு தீர்ந்துவிட்டது. தரகர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவார். அவர் இ.ஓ.வைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"ஐயா, இம்புட்டு வருசத்துல எந்த ஆபீசரும் எங்க துண்டை மதிச்சதில்ல. நீங்கதேன் சட்டமே போட்டுட்டீக!"

இ.ஓ.வின் முகம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆனது. அன்று மதியமே பலகை வெள்ளையடிக்கப்பட்டது. மறுவாரம் புது வாசகம்: "ரசீது இல்லாமல் மாடு போகக் கூடாது. துண்டு போட்டு விலை பேசுவது தடை செய்யப்பட்டுள்ளது." துண்டையெல்லாம் விற்று முடித்திருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்தான் வருத்தப்படாதவர்.

மைக் பிடிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் டூரிங் டாக்கீஸ் வண்டியில் உட்கார்ந்து, இன்றைக்கு இந்தப் படம் என்று ஊர் ஊராகக் கூவிக்கொண்டு போனவன். குரல் நன்றாக இருக்கும் என்று எனக்கே நினைப்பு உண்டு. புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, பேட்டரியில் இணைத்துக் கொடுத்தார்கள். விற்றவரும் வாங்கியவரும் மேசைக்கு வருவார்கள். நான் எழுதிக்கொண்டு மைக்கில் சொல்வேன். இன்ன ஊர், இன்னார், ஒரு ஜோடி காளை, இவ்வளவு ரூபாய். பள்ளத்தாக்கின் காற்று குரலை எங்கெல்லாமோ கொண்டுபோகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்கள்கூடக் கேட்டதாகச் சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: அந்த மூன்று வாரங்களும் நான் சந்தை நாளுக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாவது வாரம்தான் அந்த அம்மா வந்தார்.

மேகமலை அடிவாரத்திலிருந்து நடந்து, சின்னமனூரில் தங்கி, மறுநாள் காலை ஒரு ஜோடி காளையை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புருசன் இல்லை. ஒரே மகள், பன்னிரண்டு வயசு. தாயும் மகளும் மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருக்கிறார்கள். மகள் சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டதில் எலும்பு தப்பாகக் கூடியிருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் காட்டியபோது, அறுத்து நேராக்கிக் கம்பி வைக்க வேண்டும், நாள் தள்ளினால் காலம் முழுக்க இழுத்துத்தான் நடக்க வேண்டும், இந்த மாதத்துக்குள் வா என்று சொல்லிவிட்டார்களாம். கம்பிக்கும், அங்கே மாதக்கணக்கில் தங்கிச் சாப்பிடவும்தான் காளைகளை விற்றார். இதெல்லாம் அவர் என்னிடம் சொன்னதுதான். மேசை முன்னால் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். எதற்குச் சொன்னார் என்றால், "ஐயா, எம்பேரையும் வெலையையும் மட்டும் மைக்குல சொல்லாதீகய்யா" என்று கேட்பதற்காக.

"ஏம்மா?"

"எம்புருசனுக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காரு. பங்கு பங்குன்னு நிக்கிறாரு. இந்தப் பக்கந்தேன் எங்கனயாச்சும் டீக்கடைல உக்காந்திருப்பாரு. அவரு காதுல விழுந்தா எம்புள்ளைக்கு ஒண்ணும் மிஞ்சாதுய்யா. வரியை வேணா ரெண்டு மடங்கா வாங்கிக்கிருங்க."

இரண்டு மடங்கு கட்டுகிறேன் என்று சொன்னார். முப்பது வருஷம் வரி வசூலித்திருக்கிறேன், அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. இ.ஓ. பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானம்மா என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்து, எந்த ஊர், யாருடைய சம்சாரம், ஒரு ஜோடி காளை, ஆயிரத்து நானூறு ரூபாய் என்று அறிவித்தேன். நல்ல உச்சரிப்போடு அறிவித்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா திரும்பி வந்து மேசை முன்னால் நின்றார். தலை கலைந்திருந்தது. கையில் மஞ்சள் பை மட்டும் இருந்தது, அது தட்டையாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் புருசனின் அண்ணன் இரண்டு பேரோடு வந்து மறித்திருக்கிறார். ஆயிரத்து நானூறில் பாதி தன் பங்கு, மீதி தன் தம்பி எப்போதோ வாங்கிய கடன் என்று கணக்குச் சொல்லி வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் குடும்பத்துக்குள் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எண்ணூறுக்குத்தேன் வித்தேன்னு சொல்லிருப்பேன்யா. ஆறு நூறை ஒளிச்சிருப்பேன். நீங்கதேன் கணக்காச் சொல்லிட்டீகளே" என்றார்.

அழவில்லை. திட்டவும் இல்லை. எனக்கு வந்த முதல் உணர்ச்சி எரிச்சல்தான். என் வேலையை நான் செய்தேன், உன் குடும்பச் சண்டைக்கு நான் என்ன செய்வேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். போலீசுக்குப் போங்கம்மா என்று வாயால் சொன்னேன். அவர் தட்டைப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் மைக்கில் கடைசி அறிவிப்பு செய்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்கும் நானே காரணம், பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்ததே. அடுத்தடுத்த வாரங்களில் சந்தை மெலிந்துகொண்டே வந்தது. மாடு குறையவில்லை, சந்தைக்கு வரும் மாடுதான் குறைந்தது. ஆற்றோரத் தென்னந்தோப்புகளில் துண்டுகள் விரிந்தன. அங்கேயே விலை படிந்து, அங்கேயே கைமாறி, மாடுகள் நேராக லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மேட்டில் ஏறிக் கேரளாவுக்குப் போயின. வாசலுக்கு வந்த கொஞ்சம் பேரும் பெயர் கேட்டால் கூசாமல் தங்கள் குலசாமியின் பெயரைக் கொடுத்தார்கள். அந்த மாதப் பதிவேட்டைப் பிற்காலத்தில் யாராவது படித்தால், இந்தப் பள்ளத்தாக்கில் காவல் தெய்வங்கள்தான் மாட்டு வியாபாரம் செய்தன என்று முடிவுகட்டுவார்கள். விலையோ, எல்லா ஜோடியும் முந்நூறு. ஆட்சேபணை சொல்ல ஒருவரும் வரவில்லை.

வசூல் பாதாளத்துக்குப் போனதும் இ.ஓ.வுக்கு என்மேல் சந்தேகம் வந்தது. ஒருநாள் என் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். ரசீதுப் புத்தகம், பொடி டப்பா, மதியச் சாப்பாட்டுத் தூக்கு, இவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை மேலதிகாரியிடம் குரல் உயர்த்தாதவன், அன்று மைக் இல்லாமலே கத்தினேன்.

"என் பையைக் கவுத்துறதுக்கே எனக்கு இம்புட்டு அவமானமா இருக்கே சார், வாராவாரம் சந்தைல அத்தனை பேர் மடியையும் நான் கவுத்துக் காட்டுனேனே! அவங்க எதுக்கு சார் வருவாங்க?"

கத்திவிட்டு எனக்கே திக்கென்றது. விலையை ஏன் மறைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் தெரிந்தது, அதையும் நானே கத்திச் சொல்லியிருக்கிறேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். இ.ஓ. பொடி டப்பாவை எடுத்து என் பையில் திரும்பப் போட்டார். பிறகு, "அந்தம்மா பொண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்டார். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெரியல சார்" என்றேன். தெரிந்துகொள்ள நான் முயலவில்லை. அந்த ஊருக்கு ஒரு பஸ் உண்டு. ஏறவில்லை. வெட்கம் என்று பிறகு பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

மூத்த தரகரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினோம். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கு வெலை வெளிய தெரியக் கூடாது. ஒங்களுக்கு வரி வரணும். இதுல என்னய்யா சண்டை? ரெண்டும் வேற வேற சோலிதான?" என்றார்.

"எல்லா மாட்டுக்கும் ஒரே கட்டணம்னா அது நியாயம் இல்லையே" என்றார் இ.ஓ. அவர் அதை மட்டும் விடவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

"ஒரே கட்டணம் வேணாம். பல்லுக்குத் தக்கன வாங்குங்க."

மாட்டின் வயதை வாயைத் திறந்து பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பல் போடாத கன்று, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எல்லாப் பல்லும் முளைத்துக் கடைசேர்ந்தது. விலையும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஏறி, கடைசேர்ந்ததும் இறங்கும். சந்தைக்கு வருகிற சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு, எங்களுக்கு மட்டும் தோன்றவில்லை. மாட்டின் வாயைப் பார்த்தால் போதும், மனிதர் வாயைக் கிளற வேண்டியதில்லை.

இ.ஓ. இன்னொன்று கேட்டார். "பேரே எழுதலைன்னா திருட்டு மாடு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"களவு போறது மாடா, மனுசனா? மாட்டை எழுதுங்கய்யா. நெறம், கொம்பு, சுழி. ஆளு பேரை மாத்திச் சொல்லலாம், சுழியை மாத்த முடியுமா? யாரு வித்தா, யாரு வாங்குனான்னு தரகனுக்குத் தெரியும். போலீஸ்காரவுக வந்து கேட்டா நாங்க சொல்லுவோம். டீக்கடைல ஒக்காந்து கேக்குறவனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அப்படித்தான் தகர வில்லை வந்தது. ஐந்து வகை. ஒவ்வொன்றிலும் பல் எண்ணிக்கையும் வரிசை எண்ணும் அடித்திருக்கும். சந்தைக்குள் நுழையும்போது மாட்டின் வாயைப் பார்த்து, காசை வாங்கிக்கொண்டு, வில்லையைக் கொடுப்பேன். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே மாட்டின் அடையாளத்தை எழுதுவேன். மாடு வெளியே போகும்போது, யார் ஓட்டிப் போனாலும், வில்லையை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் கொடுத்த வில்லையையும் பெட்டியில் விழுந்த வில்லையையும் எண்ணினால் என் கணக்கு நேராகிவிடும். நான் திருடினேனா என்று அறிய என் பையைக் கவிழ்க்கவும் வேண்டாம். மைக் செட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தோம். தடைப் பலகையை எடுத்தோம். துண்டுகள் தோப்பிலிருந்து சந்தைக்குத் திரும்பின.

நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பின. யாரும் எதையும் கேட்காத இடத்தில் காசு கட்டுவதற்கு ஜனங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்பதை அந்த மாதங்களில் கண்ணால் பார்த்தேன். முன்பு வரிக்குப் பயந்து பின்வேலியில் மாட்டை நுழைத்தவர்கள்கூட முன்வாசலுக்கு வந்து வாயைத் திறந்து காட்டினார்கள், மாட்டின் வாயைத்தான். இரண்டே பல் இருக்கும் மாட்டுக்கு நான் கவனக்குறைவாகக் கன்று வில்லையைக் கொடுத்தபோது, "தப்பாக் குடுத்துட்டீகய்யா" என்று ஒருவர் திருப்பிக் கொடுத்துக் கூடுதல் காசைக் கட்டினார். ஆண்டு முடிவில் எந்தக் குத்தகைக்காரரும் கட்டியதைவிடக் கூடுதலாகப் பேரூராட்சிக்கு வந்தது. அந்தப் பணத்தில் சந்தைக்குள் மாடு தண்ணீர் குடிக்கச் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். ஒருமுறை உத்தமபாளையத்திலிருந்து போலீஸ்காரர் களவுபோன காளையைத் தேடி வந்தார். நெற்றிச் சுழியையும் ஒடிந்த கொம்பையும் வைத்துப் பதிவேட்டில் எண்ணைக் காட்டினேன், தரகர் வாங்கியவரைக் காட்டினார். இரண்டு நாளில் காளை கிடைத்தது. மனிதர் பெயர் எழுதிய பழைய பதிவேட்டை நம்பித் தேடியிருந்தால், குலசாமியைத்தான் கைது செய்திருக்க வேண்டும்.

இ.ஓ. இந்தத் திட்டத்தைத் தன் யோசனை என்று மேலே எழுதிப் பாராட்டு வாங்கி, மாற்றலாகிப் போனார். மூத்த தரகர் அதைக் கேட்டுச் சிரித்தார். வில்லைக்கு ஜனங்கள் வைத்த பெயர் துண்டு. முதல் பலகையை யாரும் மறக்கவில்லை. வாசலில் வில்லை வாங்காமல் நுழையப் பார்ப்பவனை, "ஏலே, துண்டு இல்லாம மாடு போகக் கூடாதுன்னு சட்டம் தெரியுமா?" என்று பின்னால் நிற்பவர்களே மடக்குவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அதே மேசையில், அதே நாற்காலியில் நான் இருந்தேன். ஒரு சந்தை நாளில் காலைக் கூட்டம் குறைந்த பிறகு, இளம்பெண் ஒருத்தி, இன்னும் ஈனாத கிடாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருபது வயதை ஒட்டியிருக்கும். இடது காலை இழுத்து நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. அவளுக்குப் பின்னால் வந்த அம்மாவை எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை.

அவரும் என்னைக் கண்டுகொண்டார். நான் குனிந்து கிடாரியின் வாயைப் பார்த்தேன். இரண்டு பல். காசு எவ்வளவு என்று சொன்னேன். மகள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"பேரு சொல்லணுமா?" என்றாள்.

"வேண்டாம்மா."

"ஊரு?"

"வேண்டாம்."

"எம்புட்டுக்கு விக்கப்போறோம்னு?"

"அது எனக்குத் தெரியவே வேண்டாம்மா."

நெற்றிச் சுழி, செவலை நிறம், கொம்பு இல்லை என்று எழுதிக்கொண்டு வில்லையை நீட்டினேன். அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஆத்தா, இம்புட்டுத்தேனாம்" என்று அம்மாவிடம் காட்டினாள்.

அந்த அம்மா வில்லையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இதை அன்னைக்கே குடுத்திருக்கலாம்லய்யா?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். இரண்டு மடங்கு வரி கட்டுகிறேன் என்று கேட்ட அதே தாழ்ந்த குரல். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்ட குரல்.

மகள் கிடாரியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து கூட்டத்துக்குள் போனாள். தாய் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் மூத்த தரகர் அவர்கள் அருகில் போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் யாரோ ஒருவர் செவலைக் கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்து பெட்டியில் வில்லையைப் போட்டுவிட்டுப் போனார். அது என்ன விலைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.